டார்ச் அடித்தால் பச்சை வளையம்: பூஞ்சைக்கு ஒளி நிறம் தருவதை வீட்டிலேயே பார்ப்பது எப்படி

முழு இருட்டில் வளர்ந்த டிரைக்கோடெர்மா பூஞ்சை வெள்ளை வெளேரென்று இருக்கும். அதன் மேல் செல்போன் டார்ச்சை இரண்டு நிமிடம் அடித்துவிட்டு மறுபடியும் இருட்டில் வைத்துவிடுங்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் பெரிதாக எதுவும் இருக்காது. இரண்டு நாள் கழித்துத் தட்டைப் பார்த்தால் வட்டமாக ஒரு பச்சை வளையம் விழுந்திருக்கும். வளையத்துக்கு உள்ளேயும் வெள்ளை, வெளியேயும் வெள்ளை. டார்ச் அடித்த நேரத்தில் பூஞ்சையின் விளிம்பு எங்கே இருந்ததோ, அந்த இடம் மட்டும் பச்சை.

அந்த வளையத்தை உங்கள் வீட்டில் வரவழைக்கத்தான் இந்தக் கட்டுரை. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வருஷா வருஷம் எரிமலை மாடலே செய்து அலுத்துப்போன பிள்ளைகள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள், வாழைக்கும் மிளகுக்கும் டிரைக்கோடெர்மா போட்டுவிட்டு 'இந்தப் பொடிக்குள் உயிர் இருக்கிறதா' என்று யோசிக்கும் விவசாயிகள் என யார் வேண்டுமானாலும் செய்யலாம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தேடிக் கிடைக்காத பொருள் இதில் ஒன்றும் இல்லை. குமரி மாவட்டத்தின் சூடும் இந்தப் பூஞ்சைக்குத் தோதானது. 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் நன்றாக வளரும் என்பதால் தனியாக இன்குபேட்டர் வாங்க வேண்டியதில்லை.

ஏன் இந்தப் பூஞ்சை?

ஒளியும் பூஞ்சை நிறமும் என்றால் ஆராய்ச்சிக்காரர்கள் முதலில் சொல்லும் பெயர் நியூரோஸ்போரா. ரொட்டியில் பிடிக்கும் ஆரஞ்சுப் பூஞ்சை அது. 1843-இல் பாரிஸ் பேக்கரிகளில் அது பெருகியதைப் பற்றிய அறிக்கையே வந்தது. பின்னாளில் பீடில், டேட்டம் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் 1941-இல் ஜீனுக்கும் நொதிக்கும் உள்ள தொடர்பைக் காட்டியதும் இதே பூஞ்சையை வைத்துத்தான். 1958-இல் அதற்காக நோபல் பரிசும் கிடைத்தது. இருட்டில் வெள்ளையாக இருக்கும் அதன் இழைகள், ஒளி பட்ட சில மணி நேரத்தில் ஆரஞ்சாகும்.

ஆனாலும் முதல் தடவை செய்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். இரண்டு காரணம். ஒன்று, இதன் வித்துகள் (விதை மாதிரிப் பறந்து பரவும் நுண்துகள்கள்) இருட்டிலும் ஆரஞ்சாகவே இருக்கும். இழையின் நிறம் எது, வித்தின் நிறம் எது என்று புதியவருக்குக் குழப்பம். இரண்டு, இதன் வித்துத் தூள் பறக்கிற வேகத்துக்கு ஆய்வகக்காரர்களே பயப்படுவார்கள். ஒரு தடவை அடுக்களைக்குள் புகுந்துவிட்டால் விரட்டுவது பாடு.

பழைய ரொட்டியில் தானாக வந்த பூஞ்சையை எடுத்து வளர்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். முக்கியமாக, கொப்பரையிலும் நிலக்கடலையிலும் மஞ்சள் பச்சையாகப் பிடிக்கும் பூசணத்தைத் தொடவே வேண்டாம். அது அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸாக இருக்கலாம். அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. பெயர் தெரியாத பூஞ்சையை வளர்ப்பதில்லை என்பதை ஒரு கண்டிப்பான விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைக்கோடெர்மா அப்படி இல்லை. விதை நேர்த்திக்கும் வாழை வாடல் நோய்க்கும் நம் விவசாயிகள் கையால் எடுத்துப் போடுகிற பொருள். ஒளிக்கு அது காட்டும் பதிலும் பழைய விஷயம்தான். 1967-லேயே இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கிரெசலும் கலுனும் டிரைக்கோடெர்மா விரிடியில் ஒளி வித்தாக்கத்தைத் தூண்டுவதைப் பற்றி எழுதினார்கள்.

அதற்காக முகத்தருகே வைத்துக்கொண்டு விளையாடலாம் என்று அர்த்தமில்லை. வித்துத் தூள் ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆகாது. உடலில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் உள்ள வீட்டில் இதைச் செய்யாதீர்கள். சிப்பிக் காளான் குடில் வைத்திருப்பவர்களும் ஒதுங்கிக்கொள்வது நல்லது. காளான் படுக்கையில் பச்சையாகப் படர்ந்து மொத்தப் பையையும் நாசம் செய்வது இதே டிரைக்கோடெர்மா வகைதான்.

உள்ளே நடப்பது என்ன

இதை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். பின்னால் சோதனை கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்க இதுதான் உதவும்.

பூஞ்சைக்குக் கண் இல்லை. ஆனால் நீல ஒளியை உணரும் புரதம் இருக்கிறது. நியூரோஸ்போராவில் அதன் பெயர் ஒயிட் காலர்-1. 1996-இல் அதன் ஜீனைப் படித்தார்கள். 2002-இல், ஒளியை நேரடியாக வாங்குவதே இந்தப் புரதம்தான் என்பது உறுதியானது. புரதத்தின் நடுவே எஃப்.ஏ.டி. என்ற மூலக்கூறு உட்கார்ந்திருக்கும். நாம் மாத்திரையாக விழுங்கும் வைட்டமின் பி2, அதாவது ரைபோஃபிளேவின், அதிலிருந்து உருவாகும் பொருள் அது. நீல ஒளி பட்டதும் எஃப்.ஏ.டி., பக்கத்தில் உள்ள ஒரு சிஸ்டீன் அமினோ அமிலத்தோடு பிணைந்துகொள்ளும். அதனால் புரதத்தின் வடிவம் மாறும். ஒயிட் காலர்-2 என்ற கூட்டாளியோடு சேர்ந்து டி.என்.ஏ.வின் மேல் இருந்தபடியே சில ஜீன்களை அது முடுக்கிவிடும். நியூரோஸ்போராவில் அவற்றில் சில, கரோட்டினாய்டு நிறமியைச் செய்யும் ஜீன்கள். அரை மணி நேரத்துக்குள் அவை வேலையைத் தொடங்கிவிடும்.

டிரைக்கோடெர்மாவிலும் இதே ஜோடி உண்டு. 2004-இல் டிரைக்கோடெர்மா அட்ரோவிரிடியில் கண்டறிந்து பி.எல்.ஆர்.-1, பி.எல்.ஆர்.-2 என்று பெயர் வைத்தார்கள். இரண்டில் எதை நீக்கினாலும் நீல ஒளி பட்டு வித்து வைப்பது நின்றுவிடும். ஆனால் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். டிரைக்கோடெர்மாவில் ஒளி நேராக இழையைப் பச்சையாக்குவதில்லை. 'வித்து வை' என்று சொல்கிறது. இழை மேல்நோக்கிக் கிளைத்து வித்துகளை உண்டாக்குகிறது. அந்த வித்துகளின் சுவரில் சேரும் நிறமிதான் பச்சை. நியூரோஸ்போராவில் சில மணி நேரத்தில் தெரியும் நிறம், இங்கே ஒன்றரை இரண்டு நாள் எடுப்பது அதனால்தான்.

ஏன் வெளிச்சத்தைப் பார்த்து வித்து வைக்க வேண்டும்? மண்ணுக்குள்ளும் மட்கிய மரத்துக்குள்ளும் வாழ்கிற பூஞ்சைக்கு, வெளிச்சம் தெரிகிறது என்றால் மேற்பரப்புக்கு வந்துவிட்டோம் என்று பொருள். வித்து பறந்துபோக அங்கேதான் இடம் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரும் அங்கேதான் இருக்கிறது. வித்தின் நிறமி அந்தக் கதிரிலிருந்து காக்கிறது. இன்னொன்றும் உண்டு: அதே நீல ஒளி, கதிர் பட்டுச் சேதமான டி.என்.ஏ.வைப் பழுது பார்க்கும் ஃபோட்டோலையேஸ் என்ற நொதியின் ஜீனையும் டிரைக்கோடெர்மாவில் தூண்டிவிடுகிறது. வெயில் உறைப்பதற்கு முன்பே தயாராகிக்கொள்கிறது.

வித்தாக்கத்துக்குத் தேவையான ஆற்றலைப் பூஞ்சை ஒளியிலிருந்து எடுப்பதில்லை. அது நாம் ஊற்றும் குளுக்கோஸிலிருந்து வருகிறது. ஒளி வந்தது என்ற சேதி மட்டும் போதும். காலிங் பெல்லை ஒரு தடவை அழுத்தினால் போதும், கதவு திறக்கும்வரை விரலை எடுக்காமல் நிற்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், தொடர்ந்து ஒளி இருந்தால் அதைப் பழகிக்கொண்டு பதிலைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் பூஞ்சைக்குள் இருக்கிறது. நியூரோஸ்போராவில் விவிட் என்ற சிறு புரதம் அந்த வேலையைச் செய்கிறது. அதனால் 'இன்னும் பச்சையாகட்டும்' என்று மணிக்கணக்கில் டார்ச் அடிப்பதில் பிரயோஜனம் இல்லை.

சேகரிக்க வேண்டியவை

டிரைக்கோடெர்மா விரிடி பொடி ஒரு பாக்கெட். உங்கள் வட்டாரத்து வேளாண் விரிவாக்க மையத்திலோ உரக்கடையிலோ கேளுங்கள். திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும், பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம். அட்டையில் தயாரித்த தேதியைப் பாருங்கள். டால்க் பவுடரில் கலந்த பொடி சில மாதங்கள்தான் தாங்கும். கடையில் வெயில் படுகிற இடத்தில் அடுக்கியிருந்தால் அதுவும் இல்லை. விரிடி என்று விற்பதில் பல, இன்றைய வகைப்பாட்டில் ஆஸ்பெரெல்லம் என்ற இனம். நம் வேலைக்கு அதனால் பாதகமில்லை.

தட்டுக்கு, ஏற்கெனவே கிருமி நீக்கி உறையில் வரும் 90 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பெட்ரி தட்டுகள் (மூடியோடு வரும் வட்டத் தட்டுகள்) வசதி. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். பள்ளி வழியாக வாங்கினால் இன்னும் சுலபம். ஒரு பத்துப் பன்னிரண்டு போதும்.

ஊடகத்துக்கு, அதாவது பூஞ்சை தின்று வளரும் கட்டிக் கூழுக்கு, உருளைக்கிழங்கு, மருந்துக் கடைக் குளுக்கோஸ், கடல்பாசி. ஆரஞ்சு மணம் சேர்த்த குளுக்கோஸ் வேண்டாம். கடல்பாசி நோன்புக் காலத்தில் எல்லா மளிகைக் கடையிலும் தொங்கும். நிறமோ இனிப்போ சேர்க்காத வெள்ளைக் கடல்பாசியாகப் பாருங்கள். ஜெலட்டின் இதற்கு உதவாது. நம் ஊர் மதியச் சூட்டில் அது இளகிவிடும், பூஞ்சையும் அதைத் தின்று கரைத்துவிடும். மரச்சீனிதான் வீட்டில் நிறைய இருக்கிறதே, அதைப் போடலாமா என்று கேட்பீர்கள். மாவுச்சத்து அதிகமாகிக் கலங்கிப்போகும், வளையம் தெளிவாகத் தெரியாது. முதல் தடவை உருளைக்கிழங்கே இருக்கட்டும்.

இவை போக, பழைய பிரஷர் குக்கர், பஞ்சு, அலுமினியத் தாள், எலுமிச்சம்பழம், ஸ்பிரிட் விளக்கு அல்லது மெழுகுவர்த்தி, மெல்லிய கத்தி, நீண்ட ஊசி, மார்க்கர் பேனா, மூடி இறுக்கமான ஒரு பிஸ்கட் டின், கறுப்புத் துணி, முகக்கவசம்.

சிவப்பு விளக்குக்குத் தனியாக ஒரு வார்த்தை. வித்து வைப்பதற்கு இந்தப் பூஞ்சை கவனிப்பது நீலத்தையும் அதை ஒட்டிய புற ஊதாவையும்தான். அந்த வேலைக்குச் சிவப்பு இருட்டு மாதிரி. அதனால் சிவப்பு எல்.இ.டி. பல்பின் வெளிச்சத்தில் நாம் தாராளமாக வேலை செய்யலாம். சிவப்புச் சாயம் பூசிய பழைய ஜீரோ வாட் பல்பில் சாயம் உதிர்ந்திருந்தால் வெள்ளை வெளிச்சம் கசியும். அதை நம்ப வேண்டாம். செல்போன் திரையை எட்டிப் பார்க்கும் பழக்கத்தை அந்த நேரத்துக்கு நிறுத்திவையுங்கள். திரையிலிருந்து வருவதில் நீலம் நிறைய. அதே காரணத்தால்தான் போன் டார்ச் நம் சோதனைக்குப் பிரமாதமான கருவி. வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது உண்மையில் நீல ஒளி தரும் சில்லு. அதன் மேல் மஞ்சள் பூச்சு போட்டுத்தான் வெள்ளையாக்குகிறார்கள். 450 நானோமீட்டர் பக்கம் அதன் நீலம் உச்சத்தில் இருக்கும், பூஞ்சைக்கு வேண்டியதும் அந்தப் பக்கம்தான்.

ஊடகம் காய்ச்சுதல்

50 கிராம் உருளைக்கிழங்கைத் தோல் சீவித் துண்டாக்கி, 250 மில்லி தண்ணீரில் வேகவையுங்கள். மசிக்காமல் நீரை மட்டும் வடித்தெடுங்கள். குறைந்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்து மறுபடி 250 மில்லியாக்கி, 5 கிராம் குளுக்கோஸும் 5 கிராம் கடல்பாசியும் போட்டுப் பாசி முழுதும் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். கடைக் கடல்பாசியின் தரம் ஒரே மாதிரி இருக்காது. ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் ஊற்றி ஆறவையுங்கள். விரல் வைத்தால் கட்டியாக நிற்க வேண்டும். தளர்வாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பாசி.

கண்ணாடிப் பாட்டில்களில் முக்கால் அளவுக்கு மேல் போகாமல் ஊற்றி, வாயைப் பஞ்சால் அடைத்து அலுமினியத் தாளால் மூடுங்கள். பிழிந்து வடிகட்டிய எலுமிச்சைச் சாறை வேறொரு சின்னப் பாட்டிலில் தனியாக வையுங்கள். தண்ணீர் ஊற்றிய இரண்டு பாட்டில்களும் கூடவே போகட்டும், ஒவ்வொன்றிலும் 100 மில்லி. எல்லாவற்றையும் குக்கரில் ஸ்டாண்டு மேல் வைத்து, முதல் விசில் வந்த பிறகு தீயைக் குறைத்து 20 நிமிடம். ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் உள்ளே இருப்பது பொங்கிப் பஞ்சை நனைத்துவிடும்.

சாறை ஏன் தனியாக வைக்கச் சொன்னேன் என்றால், புளிப்போடு சேர்ந்து கொதித்தால் கடல்பாசி இறுகும் தன்மையை இழந்துவிடும். காய்ச்சி முடித்த பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

தட்டில் ஊற்றி விதைத்தல்

மின்விசிறியை அணையுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்துக் காற்றுக் காலத்தில் கதவிடுக்கு வழியாகவே தூசி வரும். ஈரத்துணியை இடுக்கில் வையுங்கள். மேசையைத் துடைத்து, கையில் சானிடைசர் தடவி, அது முழுக்கக் காய்ந்த பிறகே விளக்கை ஏற்றுங்கள். இந்த வரிசையை மாற்றினால் கையில் தீப்பிடிக்கும். பிள்ளைகள் செய்கிறார்கள் என்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

பாட்டில் கையில் பிடிக்கும் சூட்டுக்கு வந்ததும், தட்டின் மூடியை ஒரு பக்கமாக லேசாகத் தூக்கி ஊற்றுங்கள். ஒரு தட்டுக்கு 20 மில்லி. மூன்று தட்டுகளுக்கான ஊடகத்தில் மட்டும், 100 மில்லிக்கு 2 மில்லி என்ற கணக்கில் எலுமிச்சைச் சாறு கலந்து ஊற்றிக்கொள்ளுங்கள். பொடியோடு ஒட்டிவரும் பாக்டீரியாவுக்குப் புளிப்பு பிடிக்காது, டிரைக்கோடெர்மாவுக்கு அதில் சிரமம் இல்லை.

முதலில் தாய்த் தட்டு, அதாவது மற்றத் தட்டுகளுக்குப் பூஞ்சையை எடுக்கப்போகும் மூலத் தட்டு. பொடியை அப்படியே தூவக் கூடாது. ஒரு கிராமில் லட்சக்கணக்கான வித்துகள் இருக்கும், தட்டு முழுக்க ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வளரும். காய்ச்சி ஆறிய முதல் 100 மில்லி தண்ணீரில் ஒரு கிராம் பொடியைக் கலக்கி, அதிலிருந்து ஒரு மில்லியை அடுத்த 100 மில்லியில் விட்டு, அந்தத் தண்ணீரில் சில துளிகளைப் புளிப்புத் தட்டில் இட்டுப் பரப்புங்கள். டின்னுக்குள் வைத்து மூடிவிடுங்கள். இரண்டு நாளில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பளபளவென்று ஈரமாக இருப்பவை பாக்டீரியா. நூல் நூலாகப் படர்வதுதான் நமக்கு வேண்டியது. அதன் விளிம்பிலிருந்து ஊசி முனையால் எடுத்து இன்னொரு புளிப்புத் தட்டின் நடுவே வைத்தால் சுத்தமான தாய்த் தட்டு கிடைக்கும். ஊசியை ஒவ்வொரு தடவையும் சிவக்கக் காய்ச்சி, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். கண்ணால் பார்த்து எடுக்கிற இந்த வேலைகளையும் சிவப்பு விளக்கிலேயே செய்து பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரொம்ப முக்கியம். தாய்த் தட்டு பச்சையாகும் முன்பே, வெள்ளையாக இருக்கும்போதே அதிலிருந்து எடுக்க வேண்டும். பச்சை வந்த இடத்தைக் கத்தி தொட்டால் வித்துத் தூள் புதுத் தட்டு முழுக்கச் சிதறி, அங்கங்கே முளைத்து, வளையமே உருவாகாமல் போகும். தீயில் காட்டி ஆறிய கத்தியால் வளரும் விளிம்பில் துவரம் பருப்பு அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, புளிப்பு சேர்க்காத தட்டின் நட்டநடுவில் கவிழ்த்து வையுங்கள். இப்படி ஆறு தட்டுகள். அடியில் எண் எழுதி, தலைகீழாகத் திருப்பி டின்னுக்குள் அடுக்குங்கள். நேராக வைத்தால் மூடியில் கோத்த நீர் சொட்டிப் பூஞ்சையைக் கலைத்துவிடும். விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் டேப் ஒட்டினால் போதும். சுற்றிலும் ஒட்டினால் மூச்சு முட்டும். டின்னைக் கறுப்புத் துணியில் பொதிந்து, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். குளுக்கோஸ் வாசனைக்கு எறும்பு வராமல் இருக்காது.

டார்ச் அடிக்கும் நேரம்

ஏறக்குறைய ஒன்றரை நாளில் பூஞ்சை 3 அல்லது 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு வந்திருக்கும். மணிக்கணக்கைவிட அகலத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மழை நாளில் மெதுவாகத்தான் வளரும். தட்டின் ஓரம்வரை வளர்ந்துவிட்டால் வாய்ப்புப் போச்சு, ஏனென்றால் ஒளிக்கு நன்றாகப் பதில் சொல்வது வளர்ந்துகொண்டிருக்கும் இளம் விளிம்புதான்.

சிவப்பு வெளிச்சத்தில் ஆறு தட்டுகளையும் வெளியே எடுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும், பூஞ்சையின் விளிம்பு எங்கே இருக்கிறதோ அதே கோட்டில் மார்க்கரால் வட்டம் வரையுங்கள். முதல் இரண்டு தட்டுகளை ஒளி புகாதபடி கறுப்புத் துணியில் சுற்றி அதே மேசையில் வைத்துவிடுங்கள். அவற்றுக்கு ஒளி கிடையாது, மற்றபடி எடுப்பது, திருப்புவது, வைப்பது எல்லாம் மற்றவை போலவே. இந்த இரண்டும் இல்லாவிட்டால் மற்ற நான்கும் எதையும் நிரூபிக்காது. பச்சை வந்தது ஒளியாலா, கை பட்ட அசைவாலா, பசியாலா என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு இவைதான் இருக்கும்.

மூன்றாவது, நான்காவது தட்டுகளுக்கு 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போன் டார்ச், இரண்டு நிமிடம். மூடியைத் திறக்க வேண்டாம், பிளாஸ்டிக் வழியாகவே ஒளி போகும். ஐந்தாவது தட்டுக்கு அதே டார்ச், அதே நேரம், இடையில் சிவப்புக் கண்ணாடித்தாள் மூன்று மடிப்பு. தாள் சரியானதா என்று முதல் நாளே சோதித்துக்கொள்ளுங்கள்: போனில் சுத்த நீல நிறப் படம் ஒன்றைத் திறந்து தாள் வழியே பாருங்கள், கறுப்பாகத் தெரிந்தால் தாள் நீலத்தைத் தடுக்கிறது. ஆறாவது தட்டின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து டார்ச் அடியுங்கள்.

எல்லாம் மறுபடியும் டின்னுக்குள். இரண்டு நாள் தொட வேண்டாம்.

என்ன தெரியும்

பொறுக்க முடியாதவர்கள் ஒரு நாள் கழித்துச் சிவப்பு விளக்கில் பார்க்கலாம். மார்க்கர் கோட்டுப் பக்கம் இழை சற்றுத் தடித்து, வெள்ளையிலேயே ஒரு அடர் வெள்ளையாக எழும்பியிருக்கும். அதற்குப் பிறகு அது வெளிர் மஞ்சள் கலந்த பச்சையாகி, பிறகு கரும்பச்சையாக மாறும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோடாக இருந்தது சிறு சிறு குச்சங்களாகப் பிரிந்து தெரியும்; ஒவ்வொரு குச்சமும் வித்துக் குவியல்.

நன்றாக வந்தால், மூன்றாவதிலும் நான்காவதிலும் வளையம் நீங்கள் வரைந்த கோட்டின் மேலோ சற்றே உள்ளேயோ உட்கார்ந்திருக்கும். ஆறாவதில் அரை வளையம். ஐந்தாவது, முதல் இரண்டைப் போலவே வெள்ளை. அரை வளையத்தைப் பார்த்ததும் அட்டையில் எழுத்து வெட்டி வைத்துப் பெயர் எழுதலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். எழுத்து வராது. நடுவே இருக்கும் பழைய இழை மந்தம். விளிம்பு போகும் பாதையில் எழுத்தின் எந்தத் துண்டு விழுகிறதோ அது மட்டும் வளைகோடாக வரும்.

இருட்டுத் தட்டுகளும் பச்சையானால்? முதலில் டின்னைச் சந்தேகப்படுங்கள்; மூடி ஓரத்தில் வெளிச்சம் கசிந்திருக்கும். கசிவு இல்லையென்றால் உங்கள் பொடியில் இருக்கும் ரகம் இருட்டிலும் வித்து வைக்கிற ரகம். அப்படியும் உண்டு, வேறு பொடி வாங்குங்கள். ஐந்தாறு நாள் கழித்து இருட்டுத் தட்டில் அங்கங்கே பச்சை தட்டினால் அது கணக்கில்லை. உணவு தீர்ந்தாலும் டிரைக்கோடெர்மா வித்து வைக்கும், இழை காயப்பட்டாலும் வைக்கும். அதனால்தான் ஊசியால் கிளறக் கூடாது, தீர்ப்பை மூன்றாம் நாளுக்குள் எழுதிவிட வேண்டும்.

எதிலுமே வளையம் வராவிட்டால் பெரும்பாலும் டார்ச் அடித்தது தாமதமாகியிருக்கும். கறுப்புப் புள்ளியோ இளஞ்சிவப்புப் படலமோ தெரிந்தால் வேறு ஏதோ புகுந்துவிட்டது. திறக்காமல் அப்படியே ஒதுக்குங்கள். ஜூன் மாதச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் இந்தத் தொல்லை அதிகம். இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டத்தில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் நிம்மதியான காலம்.

ஒரு தடவை கைவந்த பிறகு, முதல் ஒளிக்கு எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது ஒளி கொடுத்துப் பாருங்கள். வெளியே இன்னொரு வளையம் வரும். இரண்டு வளையத்துக்கு நடுவே உள்ள தூரத்தை எட்டால் வகுத்தால், பூஞ்சை ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்பது வந்துவிடும். இன்னொரு தட்டை இருட்டில் வைக்காமல், நேர் வெயில் படாத ஜன்னலோரம் விட்டுவிட்டால், பகலும் இரவும் மாறி மாறி வருவதால் நாளுக்கு ஒரு வளையமாகத் தானே போட்டுக்கொள்ளும். நேர் வெயிலில் வைத்தால் சூட்டில் செத்துப்போகும்.

காளான் வளர்ப்பவர்களுக்கு

குடில் வைத்திருப்பவர்கள் இந்தத் தட்டு வேலை எதுவும் இல்லாமலே ஒளியின் விளைவைப் பார்க்கலாம். சிப்பிக் காளான் பையில் இழை பரவும்வரை இருட்டு போதும். மொட்டு விடும் கட்டத்தில் வெளிச்சம் வேண்டும். மங்கலான மூலையில் தொங்கும் பையில் குடை சிறுத்து, வெளிறி, காம்பு நீண்டிருக்கும். காற்றோட்டக் குறைவும் இதே மாதிரி காம்பை நீட்டும் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்புச் சிப்பியில் நிற வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். பால் காளான் எப்போதும் வெள்ளைதான், அதில் நிறத்தைத் தேடாதீர்கள்.

முடித்த பிறகு

பச்சையான தட்டை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். இந்தப் பூஞ்சையின் சில ரகங்களில் தேங்காய் மணம் வரும் என்பது உண்மை, 6-பென்டைல் பைரோன் என்ற சேர்மத்தின் வேலை அது. ஆனால் மூடியைத் தூக்கி மோந்து பார்த்தால் மணத்தோடு லட்சக்கணக்கான வித்தும் மூக்குக்குள் போகும். மூடியின் மேலிருந்தே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் கறுப்புத் தாள் வைத்தால் வெள்ளையும் பச்சையும் நன்றாகப் பிரிந்து தெரியும்.

படம் எடுத்தாயிற்று என்றால், தட்டுகளை மூடியபடியே சூடு தாங்கும் பையில் கட்டி, அந்தப் பழைய குக்கரில் 30 நிமிடம் வேகவையுங்கள். பிளாஸ்டிக் சுருங்கிக் கோணலாகும், பரவாயில்லை, அவை மறுபடி உதவப்போவதில்லை. ஆறியதும் உள்ளே இருப்பதை உரக்குழியில் கொட்டிவிட்டு பிளாஸ்டிக்கைக் குப்பைக்குக் கொடுங்கள். மேசையை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடையுங்கள். மிச்சமிருக்கும் பொடியை மட்கிய சாணத்தில் கலந்து ஈரம் காயாமல் நிழலில் சில நாள் வைத்து, வாழை மூட்டில் போட்டுவிடலாம்.